வீட்டில் ஒரு மீன்தொட்டி

பொலித்தீன் பையில் நீரும், அந்நீரில் நான்கு வண்ண மீன்களுமாக ஒரு சிறுவன் கடையிலிருந்து வீடு திரும்புகின்றான். தந்தையார் அன்று காலையிலேயே கண்ணாடித் தொட்டியொன்றை வாங்கிக் கழுவி, அடியிற் கல் பரப்பி, கிணற்று நீரை நிறைத்து வைத்திருக்கின்றார். மீன்கள் தொட்டியில் விடப்படுகின்றன; வீட்டார் அனைவரும் கூடிநின்று பார்க்கின்றனர். இரண்டு நாட்கள் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. நான்காம் நாட்காலையில் ஒரு மீன் நீரின் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றது. மாலையில் அது மிதக்கின்றது. ஒரு வாரம் முடிவதற்குள் தொட்டி வெறுந்தொட்டியாகிவிடுகின்றது. கடைக்காரர் நோயுற்ற மீன்களைத் தந்துவிட்டார் என்று தந்தையார் கருதுகின்றார். தான் ஒருவேளை உணவு போட மறந்ததே காரணம் என்று சிறுவன் எண்ணி வருந்துகின்றான். இருவர் எண்ணமும் பிழையானதே.

அம்மீன்கள் பசியாலோ நோயாலோ இறக்கவில்லை. அவை தம் கழிவினாலேயே நஞ்சூட்டப்பட்டு இறந்தன. நீர் பளிங்குபோல் தெளிவாக இருந்தது உண்மை. ஆயினும், தெளிந்த நீர் வேறு. மீன் வாழத்தக்க நீர் வேறு. முதன்முதலாக மீன்தொட்டி அமைக்க விரும்புவோர் அறிந்துகொள்ள வேண்டிய முதற்பாடம் இதுதான்: மீனை வளர்ப்பதற்கு முன் நீரை வளர்க்க வேண்டும்.

மீன் உண்ணும் உணவிலுள்ள புரதம் அதன் உடலிற் பயன்பட்ட பின்னர் அமோனியாவாக வெளியேறுகின்றது. இது பெரும்பாலும் செவுள்களின் வழியாகவே நீரிற் கலக்கின்றது. ஆற்றிலும் குளத்திலும் ஒரு சிறு மீன் வெளிவிடும் அமோனியா பெருவெள்ளத்திற் கரைந்து ஒன்றுமில்லாமற் போகும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அடைபட்ட நீரிலோ அது நாளுக்குநாள் சேர்கின்றது. சேரும் அமோனியா செவுள்களைப் புண்ணாக்கி, மீன் மூச்சுவிடும் வழியையே அடைத்துவிடும்.

இயற்கை இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்று என்னும் பொருளாக மாற்றுகின்றன. நைத்திரைற்றும் நஞ்சே, அது மீனின் குருதியிற் புகுந்து, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். ஆனால் மற்றொருவகைப் பற்றீரியாக்கள் அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்று ஓரளவுக்கு மீனைத் துன்புறுத்துவதில்லை. நீர்த்தாவரங்களுக்கு அதுவே உரமுமாகும். ஆகவே, நன்கு அமைந்த தொட்டியொன்றில் மீன்களும் தாவரங்களும் மட்டும் வாழ்வதில்லை. கல்லிலும் கண்ணாடியிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு, இப்பற்றீரியாக்களும் கோடிக்கணக்கில் வாழ்ந்து, இரவுபகலாக நீரைத் துப்புரவு செய்கின்றன. புதிய தொட்டியில் இவை இல்லை. அச்சிறுவனின் மீன்கள் இறந்ததற்குக் காரணம் இந்த இன்மையே.

இவ்வுண்மை ஒரே நாளில் அறியப்பட்டதன்று. 1850ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த இரசாயன அறிஞர் ரொபேட் வாரிங்டன், பன்னிரண்டு கலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரமொன்றில் இரண்டு தங்கமீன்களையும் வலிசினேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் வைத்துச் செய்த ஆய்வை இரசாயனக் கழகத்தின் முன் வைத்தார். தாவரத்தின் அழுகிய இலைகள் நீரைக் கெடுப்பதைக் கண்ட அவர், அவற்றைத் தின்னும் குளத்து நத்தைகளைச் சேர்த்தார். நீர் தெளிந்தது, மீன்களும் நலமாக வாழ்ந்தன. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1854இல், பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூலொன்றின் வாயிலாக ‘அக்குவாரியம்’ என்ற பெயரும் மக்களிடையே பரவிற்று. ஆயினும் மீனும் தாவரமும் ஒன்றற்கொன்று காற்றை வழங்குவதே இதன் இரகசியம் என்றே அக்காலத்தவர் கருதினர். அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்களை 1890ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டிய பின்னரே மறைந்திருந்த மறுபாதி வெளிப்பட்டது. வீட்டுத் தொட்டிகளில் நைத்திரைற்றை மாற்றும் பற்றீரியாக்கள் இன்னவை என்பது 1998இலேயே தெளிவாயிற்று.

இனி, தொட்டியை அமைக்கும் முறையைப் பார்ப்போம்.

சிறிய தொட்டியே தொடக்கத்திற்கு எளியது என்று பலர் எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது. ஐந்து லீற்றர் நீர் கொள்ளும் குடுவையில், மிஞ்சிய ஒரு சிட்டிகை உணவே நீர் முழுவதையும் கெடுத்துவிடும். நண்பகல் வெப்பமும் அதனை விரைவிற் சுடவைக்கும். நீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு மாற்றங்கள் மெதுவாக நிகழும். பிழையைத் திருத்திக்கொள்ளவும் நேரம் கிடைக்கும். 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 15 அங்குல உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 70 லீற்றர் கொள்ளும். தொடங்குவோருக்கு அது தக்க அளவு. நீரின் மேற்பரப்பினூடாகவே ஒட்சிசன் உட்புகுவதால், உயர்ந்து ஒடுங்கிய தொட்டியைவிட அகன்ற தொட்டி சிறந்தது.

எழுபது லீற்றர் நீரின் நிறை எழுபது கிலோகிராம். கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் அது வளர்ந்த மனிதர் ஒருவரின் நிறையை விஞ்சிவிடும். ஆகையால் ஆடாத, மட்டமான, உறுதியான மேசை வேண்டும். தொட்டிக்கும் மேசைக்கும் இடையே ரெஜிபோம் தகடொன்றை விரித்தால், மேசையிலுள்ள சிறு மேடுபள்ளங்கள் அடித்தளக் கண்ணாடியை வெடிக்கச் செய்யமாட்டா. நேர்வெயில் படும் யன்னலோரம் உகந்ததன்று; நீர் சூடேறும், கண்ணாடியெங்கும் பச்சைப்பாசியும் படரும். மின்கம்பி, செருகும் இடத்திற்குக் கீழே ஒருமுறை தாழ்ந்து தொங்கி, பின்னரே மேலேறிச் செல்லவேண்டும். அப்போது கம்பிவழியே வழியும் நீர்த்துளி மின்செருகியை அடையாது, கீழே சொட்டிவிடும். தொட்டிக்குள் கையை விடுமுன் ஆளியை அணைப்பதைச் சிறுவர்களுக்குக் கட்டாயமாகப் பழக்கவேண்டும்.

அடியில் இரண்டு அங்குலத்திற்குக் குறையாமல் ஆற்றுப் பருக்கைக்கற்களைப் பலமுறை அலசிப் பரப்பலாம். சவர்க்காரம் எந்நிலையிலும் கூடாது. கடற்கரையிற் பொறுக்கிய சிப்பியையும் முருகைக்கல்லையும் அழகு கருதி இடுவோர் உளர். அவை கரைந்து நீரின் வன்மையைக் கூட்டிவிடும். ஐயமான கல்லின்மீது சில துளி வினாகிரியை விட்டால், சுண்ணாம்பு உள்ள கல் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும்.

வடிகட்டிகளில் எளியதும் மலிவானதும், காற்றுப் பம்பியால் இயங்கும் பஞ்சு வடிகட்டியே. குமிழ்கள் மேலெழும்போது நீர் பஞ்சினூடாக இழுக்கப்படுகின்றது. அழுக்கைப் பிடிப்பது அப்பஞ்சின் சிறு பணி. பற்றீரியாக்களுக்குக் குடியிருப்பாவதே அதன் பெரும்பணி. எனவே, அது ஒரு மணிநேரமும் ஓயாமல் இயங்கவேண்டும்.

வெளிநாட்டு நூல்கள் வெப்பமூட்டியை முதற்பொருளாகக் கூறும். அவை குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்டவை. அயனமண்டல மீன்கள் பலவற்றுக்கு 24 முதல் 28 பாகை செல்சியசு வெப்பநிலை ஏற்றது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் வீட்டினுள் இருக்கும் நீர் தானாகவே அந்நிலையில் நிற்கும். நுவரெலியா போன்ற மலைநகரங்களில் வாழ்வோருக்கே வெப்பமூட்டி தேவைப்படும். சமநிலத்தாரின் கவலை வேறு. நீர் சூடேறும்போது அதிற் கரைந்திருக்கக்கூடிய ஒட்சிசன் குறைகின்றது. 25 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும்; 30 பாகையில் 7.6 மில்லிகிராம் மட்டுமே. சித்திரை, வைகாசி மாதங்களில் மீன்கள் மேற்பரப்பிற் கூடினால், மூடியைத் திறந்து, குமிழைக் கூட்டி, மின்விசிறியின் காற்று நீர்மேற் படுமாறு வைப்பது நன்மை தரும்.

நீர் எங்கிருந்து வருகின்றது என்பதையும் நோக்கவேண்டும். கொழும்பு நகரின் குழாய்நீர் மென்மையானது. ஆனால் கிருமிகளைக் கொல்வதற்காக அதிற் குளோரீன் சேர்க்கப்படுகின்றது. கிருமியைக் கொல்வது நல்ல பற்றீரியாவையும் கொல்லும். மீனின் செவுளையும் எரிக்கும். வாயகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரீன் பெரும்பாலும் நீங்கிவிடும். கடைகளிற் கிடைக்கும் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலை உரிய அளவிற் சேர்த்தால் உடனேயே நீங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரிற் குளோரீன் இல்லை. ஆனால் அது சுண்ணாம்புக்கற் பாறையினூடாக ஊறி வருவதால் வன்மையும் காரத்தன்மையும் உடையது. இங்கேதான் கவனம் தேவை. நீரிலுள்ள அமோனியா முழுவதும் ஒரேயளவு நச்சுத்தன்மை உடையதன்று. பீ.எச். பெறுமானம் 7 ஆகவுள்ள நீரில், 25 பாகை வெப்பநிலையில், அதன் நஞ்சான பகுதி நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பீ.எச். 8 ஆக உயர்ந்தால் அது நூற்றுக்கு ஐந்தளவாகின்றது. அதாவது, ஒரேயளவு கழிவு மென்னீரைவிட வன்னீரில் ஏறத்தாழ பத்துமடங்கு கொடியதாகலாம். பதப்படாத தொட்டியில் மீன் விடுவது எங்கும் தவறு. குடாநாட்டில் அது பெருந்தவறு. மேலும், தோட்டங்களுக்கு இடும் பசளை ஊறி, சில கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே மிகுந்துள்ளது. ஆகையால் தொட்டி நீரைச் சோதிப்பதற்கு முன் கிணற்று நீரையே ஒருமுறை சோதித்தல் நல்லது.

தொட்டி நிரம்பி, வடிகட்டியும் இயங்கத் தொடங்கியபின், நீரைப் பதப்படுத்தும் பணி ஆரம்பமாகின்றது. மீன் இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை இடவேண்டும். அது அழுகி அமோனியாவைத் தரும்; அதுவே பற்றீரியாக்களுக்கு உணவு. சில நாட்களில் நீர் பால்போல் வெளிறிக் கலங்கலாம். அது அழுகலை உண்ணும் வேறு நுண்ணுயிர்களின் பெருக்கம். அதைக்கண்டு அஞ்சி நீர் முழுவதையும் ஊற்றிவிட்டு மறுபடி தொடங்குவோர் முதற்படியிலேயே நிற்பர். பொறுத்தால் தானே தெளியும்.

சோதனைத் துளிகளைக் கொண்டு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை நீரைச் சோதித்தால் நிகழ்வது புலனாகும். முதலில் அமோனியா ஏறும். பின்னர் அது இறங்க, நைத்திரைற்று ஏறும். இறுதியில் இரண்டும் மறைந்து, நைத்திரேற்று மட்டும் காணப்படும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லலாம். சாதாரண பற்றீரியாக்கள் சில இருபது நிமிடத்தில் இருமடங்காகும். இவையோ அவ்வாறு பெருகப் பல மணிநேரம், சிலவேளை ஒரு நாளுக்கும் மேல், எடுத்துக்கொள்ளும். தாமதத்திற்குக் காரணம் இதுவே.

இக்காலத்தைக் குறைக்கும் வழியொன்றும் உண்டு. காய்ச்சிய பாலைத் தயிராக்குவதற்கு வீட்டுப்பெண்கள் பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறையிடுவர். அதுபோலவே, நீண்டநாள் நன்றாக நடக்கும் தொட்டியொன்றின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைப் பெற்று, உலரவிடாமற் கொண்டுவந்து, புதிய வடிகட்டியுடன் சேர்த்துவிட்டால் நீர் விரைவிற் பதப்படும். ஆயினும் அப்பஞ்சு நோயற்ற தொட்டியிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும். உறையிட்ட பின்னரும் சோதனையே முடிவு கூறவேண்டும், நாட்கணக்கு அன்று.

காத்திருக்கும் நாட்களில் தாவரங்களை நடலாம். உலகெங்கும் தொட்டிகளை அலங்கரிக்கும் கிரிப்டோகோரின் தாவரங்களில் வெந்தியை, பெக்கெற்றியை முதலிய இனங்கள் இலங்கைக்கே உரியவை. குறைந்த ஒளியிலும் அவை வளரும். ஆனால் இடம்மாற்றி நட்ட சில நாட்களில் இலைகள் யாவும் கரைந்து உதிர்வதுண்டு. செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாமல் விட்டால், வேரிலிருந்து புதிய இலைகள் தளிர்க்கும். தொட்டி வளர்ப்போருக்கு வேண்டிய பொறுமையை முதலிற் கற்பிப்பது இச்செடியே.

அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனையில் அறவே காணப்படாத நாளில், பாதி நீரை மாற்றிவிட்டு மீனை வரவேற்கலாம். முதலிற் கப்பி மீன் நான்கைந்து போதும். கப்பி, மொல்லி, பிளற்றி ஆகிய மூன்றும் வன்னீரை விரும்புவன, குடாநாட்டுக்கு ஏற்றவை. கப்பி குட்டியீனும் மீன். ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஈனும். பெருக்கம் வேண்டாதோர் ஆண்மீன்களை மட்டும் வாங்கலாம். நியோன் தெத்திரா அமேசன் ஆற்றின் மென்னீருக்கு உரியது. யாழ்ப்பாணக் கிணற்று நீரில் அதனை வளர்க்க முயல்வது மீனுக்குத் துன்பம், வளர்ப்போருக்குச் செலவு. தங்கமீன் பெருந்தீனி தின்று, பெரிதாக வளர்ந்து, மிகுந்த கழிவை வெளிவிடுவது. சிறு தொட்டிக்கு அது ஒவ்வாது. ‘ராங் கிளீனர்’ என்ற பெயரில் இரண்டங்குலக் குஞ்சாக விற்கப்படும் உறிஞ்சி மீன் ஓரடிக்கு மேல் வளரும் என்பதையும் வாங்குமுன் அறிந்திருத்தல் வேண்டும்.

மென்னீர் கிடைக்கும் இடங்களில், இலங்கையின் தென்மேற்கு நீரோடைகளுக்கே உரிய செரி பார்ப் என்னும் செந்நிறக் கெண்டையினம் மிகச் சிறந்தது. 1929இல் தெரணியகல அவர்கள் அறிவியலுலகுக்கு அறிவித்த இம்மீன் ஏறத்தாழ இரண்டங்குலமே வளரும். சாந்தமானது, ஆறு மீன்கள் சேர்ந்து வாழ்ந்தாற்றான் அச்சமின்றித் திரியும். ஓடையிற் பிடித்ததை வாங்காமல், பண்ணையிற் பிறந்ததையே கேட்டு வாங்கவேண்டும்.

மீனைக் கொண்டுவந்த பையைக் கட்டவிழ்க்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் இருநீரின் வெப்பமும் ஒன்றாகும். பின்னர் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றி, மீனை வலையால் எடுத்து விடவேண்டும். கடை நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. அடுத்த தொகுதி மீன்களை இரண்டு வாரங்கள் கழித்தே சேர்க்கவேண்டும். புதிய கழிவின் அளவுக்கேற்பப் பற்றீரியாக்களும் பெருகுவதற்கு அந்த இடைவெளி தேவை.

உணவு, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை. வாரத்தில் ஒருநாள் உணவில்லாமலிருப்பது வளர்ந்த மீனுக்குத் தீங்கன்று. பட்டினியால் இறக்கும் மீன்களைவிட, அன்பின் மிகுதியாற் கொட்டப்பட்டு அழுகிய உணவால் இறக்கும் மீன்களே அதிகம். நுளம்புக் குடம்பி மீனுக்கு விருந்தாயினும், அதற்கென்று வீட்டில் நீரைத் தேக்கி வைப்பது டெங்குக் காய்ச்சலுக்குக் கதவைத் திறப்பதாகும்.

வாரந்தோறும் நீரில் நாலிலொரு பங்கை மாற்றினால் நைத்திரேற்று மிகாது. பஞ்சு அழுக்கடைந்தால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிந்து கழுவவேண்டும். குழாயைத் திறந்து அதன்கீழ் வெளுக்கும்வரை கழுவுவோர், ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த பற்றீரியாக்களை ஒரு நிமிடத்திற் கொன்றுவிடுகின்றனர். அடுத்த வாரம் மீன்கள் இறக்கும்போது, ‘இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தும் இப்படி ஆயிற்றே’ என்று வியக்கின்றனர்.

மின்சாரம் தடைப்படும் வேளையும் ஒரு சோதனையே. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நீடித்த நாட்கள் இருந்தன. அத்தகைய வேளையில் உணவிடுவதை நிறுத்தி, சிறு பாத்திரத்தில் நீரை முகந்து உயரத்திலிருந்து அடிக்கடி ஊற்றிக்கொண்டிருந்தால், காற்றுக் கலந்து மீன்கள் பிழைக்கும். மின்கலத்தால் இயங்கும் சிறு பம்பியிருந்தால் வடிகட்டியிலுள்ள பற்றீரியாக்களும் தப்பும்.

இன்னொன்றும் கூறவேண்டியுள்ளது. மீன் வளர்ப்பதிற் சலிப்பு ஏற்படலாம்; மீன் தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்துவிடலாம். அப்போது அதனை ஆற்றிலோ குளத்திலோ விடுவது கருணையன்று. தென்கிழக்காசியக் கத்திமீனினம் ஒன்று அலங்கார மீனாக இலங்கைக்கு வந்து, நீர்நிலைகளை அடைந்து, மேல்மாகாணச் சதுப்புநிலங்களில் உள்ளூர் மீன்களைத் தின்று பெருகியுள்ளது. கேகாலை மாவட்டத்தின் கலபிட்டமடைப் பகுதியில் ஒரு சிற்றோடையிலிருந்து 1991இல் அறிவிக்கப்பட்ட பண்டுலா கெண்டைபோல், ஒரேயோர் ஓடையை நம்பி வாழும் இனங்களும் இந்நாட்டில் உண்டு. அத்தகைய ஓடையில் ஒருவர் கவிழ்க்கும் ஒரு வாளி, ஓரினத்தின் முடிவாகலாம். வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ மற்றொரு வளர்ப்பாளரிடமோ ஒப்படைப்பதே முறை.

அச்சிறுவனின் வீட்டில் அன்று குறைந்திருந்தது அன்புமன்று, பணமுமன்று. ஒரு மாத காலப் பொறுமை மட்டுமே. அந்த வெறுந்தொட்டியை அவன் தந்தையார் களஞ்சிய அறையில் ஒதுக்கிவிடத் தேவையில்லை. அதே கல்லும் அதே நீரும் இன்னும் பயன்படும். பஞ்சு வடிகட்டியொன்றைப் பொருத்தி, நாளுக்கொரு சிட்டிகை உணவிட்டு, மீனில்லாத தொட்டியின் முன் அமர்ந்து, சோதனைக் குழாயின் நிறம் மாறுவதை மகனோடு சேர்ந்து பார்த்துக் குறித்துவரலாம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் முதலிற் குடியேறிய பின்னர் விடப்படும் மீன், நான்காம் நாட்காலையில் மேற்பரப்பில் மூச்சுக்குத் தவிக்காது. கண்ணாடியோரம் வந்து உணவுக்குக் காத்துநிற்கும்.